ஒரே எழுத்தில் அலையும் ஆலையும்

போன வாரம் நீங்கள் நால்வரும் வீட்டுக்கு வந்தபோது ஒருவர் முகமும் சரியில்லை. இரண்டு வருடம் உழைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்ட உங்கள் கட்டற்ற மென்பொருளின் பெயரை, எங்கோ இன்னொரு கூட்டம் தங்களுடையதற்கும் வைத்துவிட்டதாம். யார் முதலில் வைத்தார்கள் என்பதற்குத் தேதிவாரியாக ஆதாரம் திரட்டி வந்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் வக்கீலைப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார். நான் காபி கொடுத்தேன், கேட்டுக்கொண்டேன், ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். கிழவிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று படியிறங்கும்போது பேசிக்கொண்டிருப்பீர்கள்.

காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன். இது நான் பெருமைப்படும் விஷயம் அல்ல. நாற்பது வருட வேலையில் நான் செய்த தவறுகளில் இது ஒன்றுதான் இன்னும் என் கனவில் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடிக் கட்டடத்தில் கணிப்பொறி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்காது. ‘கார்டு மிஷின் ஆபீஸ்’ என்றால்தான் ரிக்‌ஷாக்காரர் கொண்டுபோய் விடுவார். எண்ணூர், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகள், துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்கள் என்று ஏழெட்டு இடங்களுக்கு அந்த ஒரே மிஷின். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து வருவார்கள். நான் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். அட்டையில், அதாவது மிஷின் படிக்கும் கார்டில், துளை போடும் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்ச நாளில் புரோகிராம்களைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மிஷினுக்கு வெயில் ஆகாது என்று அந்த அறையைக் குளிரவைத்திருப்பார்கள். சித்திரை மாதத்தில் கையில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போன பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டர், காய்ச்சலா என்று விசாரித்து ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். வெளியே தார் உருகும். உப்புக் காற்றோடு எண்ணெயும் கந்தகமும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் எல்லாம் நின்றுவிடும். குளிர், ஒரே சீரான ரீங்காரம், வெள்ளை விளக்கு. கார்டுகள் ஓடும்போது ஓட்டுக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்கும்.

அங்கே பத்து நிமிடம் நின்றால் ஒருவிதக் கிறக்கம் வந்துவிடும். மணி தெரியாது, பசி தெரியாது. எதிர்க் கட்டடத்து மாடியில் மூடி போடாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மதியத்துக்கு மேல் அதில் பட்ட வெயில் எங்கள் கூரையில் வந்து நெளியும். அதைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் கடலுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதாக நினைத்துக்கொள்வேன். எதையாவது மறந்துபோனால் அந்த வெளிச்சத்தின் மேல் பழி போடுவது என் வழக்கமாக இருந்தது.

எங்கள் அறையின் மூலையில் பொது அலமாரி ஒன்று இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்று நீங்கள் இன்று பேசுவதெல்லாம் எங்களுக்கு அந்த அலமாரிதான். ஒருவர் உருப்படியாக ஒரு புரோகிராம் எழுதினால் அதன் கார்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கி அங்கே வைக்க வேண்டும். அருகிலிருக்கும் நோட்டில் பெயர், அது என்ன செய்யும், யார் எழுதியது என்று மூன்று வரி. வேண்டியவர்கள் எடுத்துப்போய்ப் படி எடுத்துக்கொள்ளலாம், ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும். திருத்தினால் திருத்தியதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இதற்கு உத்தரவும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது.

தகராறெல்லாம் பெயரில்தான். மிஷின் ஏற்றுக்கொள்ளும் பெயர் ஆறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. புதிதாக வருகிறவர் எல்லோரும் முதல் புரோகிராமுக்கு டெஸ்ட் என்று வைப்பார்கள், அதில் மட்டும் பதினேழு சேர்ந்த பிறகு TEST1, TEST2 என்று எண் போடவைத்தேன். ஒருவர் தன் மனைவி பெயரை வைத்திருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் அதே புரோகிராமுக்கு வேறொரு பெண்ணின் பெயர் இருந்ததை நோட்டில் நான் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. சுருக்கமான ஆங்கிலச் சொற்கள் தீர்ந்துபோகவே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும் பழக்கம் வந்தது.

அப்படி முதலில் வைத்தவர் தனபால். எண்ணூரில் இரும்புக் கம்பி இழுக்கும் ஒரு தொழிற்சாலையில் ஆட்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் பார்த்தவர். கம்பியை இழுக்கும் முன் துருப்போக ஆசிட் தொட்டியில் முக்குவார்கள். அந்த ஷெட்டில் எந்நேரமும் புகை. வாரம் ஒரு குழு என்று முறை வைத்துத்தான் ஆட்களை அங்கே அனுப்புவார்கள். நெஞ்சில் கோளாறு இருக்கிறது, இவரை அங்கே அனுப்பாதே என்று தொழிற்சாலை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு மேஸ்திரியின் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிழிந்துபோகும். ஆள் திரும்பவும் ஷெட்டுக்குள் இருப்பார். தனபால் இதைச் சகிக்க முடியாமல் ஒரு புரோகிராம் எழுதினார். யார் யார் எங்கே வேலை என்று வாராந்திரப் பட்டியலை அது போடும். டாக்டர் சொன்ன ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. அந்தக் கார்டு இருக்கும்வரை அந்த ஆளின் பெயர் ஆசிட் ஷெட்டுக்கு நேரே விழாது. பட்டியலின் அடியில் அவர்கள் பெயரைத் தனியாகவும் அச்சடிக்கும். அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். புரோகிராமின் பெயர் ஆலை. A, L, A, I.

ஒன்றரை வருடம் கழித்து சவரிமுத்து வந்தார். எங்கள் ராயபுரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். துறைமுகப் பக்கத்தில் கடலளவு எடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. எண்ணூர்க் கழிமுகத்தில் நட்டிருந்த அளவுகோலில் தினமும் நீர்மட்டம் குறித்து, வரும் வாரம் எந்த நேரத்தில் நீர் ஏறும், எந்த நேரத்தில் வற்றும் என்று கணக்குப் போடும் புரோகிராம் அவருடையது. தோணிக்காரர்களும் காத்திவாக்கத்து மீனவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பெயர் அலை. அதற்கும் A, L, A, I.

நோட்டில் எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். அது முதல் தவறு. தனித்தனியாகப் பேசியிருந்தால் யாராவது இறங்கி வந்திருப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்ததும் இருவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“ஒன்றர வர்சமா இங்க ஓடிகினு கீறது எங்க ஆலைதாம்மா. பின்னால வந்தவரு பேர மாத்திக்கட்டும்” என்றார் தனபால்.

“அலை ஒலகம் பொறந்ததுலேர்ந்து ஓடிகினு கீது நைனா. யாரு முந்தி, யாரு பிந்தி?” என்றார் சவரிமுத்து.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. தனபால் நோட்டில் தேதியைக் காட்டுவார். சவரிமுத்து, கழிமுகத்தில் ஐம்பது பேர் அலை என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள், உன் ஆலையை யார் கேட்கிறார்கள் என்பார். இருவரும் நல்ல மனிதர்கள். இருவரும் யாருக்கோ உதவத்தான் எழுதினார்கள், ஒரு காசு வாங்கவில்லை. அதனாலேயே விட்டுக்கொடுக்க முடியவில்லை என்று இன்று தோன்றுகிறது. கூலிக்குச் செய்திருந்தால் சொன்ன பெயரை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெயர் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த கூலி.

எனக்குச் சலித்துவிட்டது. ஒரு மதியம், கூரையில் அந்த வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும்போது, பிரமாதமான யோசனை ஒன்று வந்தது. இரண்டு பெட்டிகளையும் எடுத்துத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஒன்றில் அலை, இன்னொன்றில் ஆலை. ஒரு துணைக்கால்கூட வேண்டாம், ஒரு சுழி போதும். தமிழில் இரண்டும் வேறு வேறு சொல். இதில் எங்கே சண்டை? இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் சிரித்துவிட்டார்கள். தனபால் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

கொஞ்ச காலம் அது சரியாகவே நடந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் புரோகிராமின் கார்டுகளையே மிஷினில் முதலில் போட வேண்டும். அலைப் பெட்டியை எடுத்தால் அலை ஓடும், ஆலைப் பெட்டியை எடுத்தால் ஆலை ஓடும். பிரித்தறிந்தது என் கண், என் தமிழ். மிஷினுக்கு அந்தக் கவலை வரவேயில்லை.

பிறகு டிஸ்க் வந்தது. பொது அலமாரியில் இருப்பதையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால் இனிப் பெட்டி தூக்க வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஏற்றினேன். பெட்டி பெட்டியாகக் கார்டுகள் ஓடின. மழைச் சத்தம் நிற்கவேயில்லை. ஒவ்வொன்றுக்கும் பிரிண்டர் ஒரு வரி போட்டது: பெயர், அதன் பக்கத்தில் ‘சேர்க்கப்பட்டது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். நூற்றுக்கு மேற்பட்ட வரிகள். அதில் ஒன்றில் மட்டும் அந்தச் சொல் வேறாக இருந்தது. ‘மாற்றப்பட்டது’ என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஏதோ பழையது புதிதாகியிருக்கிறது, நல்லதுதானே என்று கிறக்கத்தில் நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைப் பிரித்தேன். மிஷினுக்கு இரண்டும் ஒரே ALAI, தனபாலின் ஆலை அந்த நொடியில் போய்விட்டது. அதன் இடத்தில் சவரிமுத்துவின் அலை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அந்தத் தொழிற்சாலையில் புது வாரம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஷிஃப்டில்தான் தொடங்கும். பட்டியலை எடுத்துப்போக அவர்களுடைய வேன் பன்னிரண்டு மணிக்கே வந்து நின்றது. ஆபரேட்டர் பெயரைக் கொடுத்து, தொழிற்சாலைக் கார்டுகளைப் போட்டார். மிஷின் நாலு கார்டு படித்துவிட்டு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. என்னைக் கூப்பிட்டார். பிரிண்டரில் வந்திருந்த தலைப்பைப் பார்த்தேன். நீர்மட்டம் என்று போட்டிருந்தது.

பெட்டி இருக்கிறதே, கார்டுகளையே போட்டுவிடலாம் என்று அலமாரிக்கு ஓடினேன். பெட்டி காலி. உள்ளே ஒரு சீட்டு. டிஸ்க்கில் ஏற்றியாகிவிட்டதே, இனிக் கார்டு எதற்கு என்று, மணலியில் ஒரு தொழிற்சாலைக்காரர் படி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தருவதாக எழுதிவிட்டுக் காலையில் எடுத்துப்போயிருந்தார். எங்கள் வழக்கப்படி அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை.

வேன்காரர் வாசலில் வந்து நின்றார். வெறுங்கையோடு போனால் ஷிஃப்டே ஏறாது, கலாட்டாவாகிவிடும், எதையாவது கொடுங்கள் என்றார். எங்கள் பொறுப்பாளரும், ஏதாவது செய்து அனுப்பு என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். போன வாரப் பட்டியலின் நகல் ஆணியில் தொங்கியது. குழுக்கள் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேரின் பெயரும் மனப்பாடம். உட்கார்ந்து கையாலேயே புதுப் பட்டியல் தயார் செய்தேன். பதினோரு பெயரையும் ஆசிட் ஷெட்டிலிருந்து விலக்கி எழுதி, டைப் அடித்து, சரிபார்த்து, முக்கால் மணி நேரத்தில் வேனில் கொடுத்துவிட்டேன். அச்சு அசலாக மிஷின் போட்டதைப் போலவே இருந்தது. ஆபரேட்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மிஷின் நின்றபோது அது உண்மையைத்தான் சொன்னது. எனக்குத் தெரியவில்லை என்று நின்றது. பட்டியல் இல்லை என்று நானும் சொல்லியிருந்தால் கலாட்டா ஆகியிருக்கும், திட்டு விழுந்திருக்கும், தனபால் ஓடிவந்து டாக்டரைக் கேட்டு ஏதோ செய்திருப்பார். சரியானதைப் போலத் தெரிகிற ஒரு தாளை நான் அனுப்பினேன். அது சரியானதுதானா என்று யாருக்கும் சந்தேகம் வர வழியே வைக்கவில்லை.

வேன் போன பிறகு, கார்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் கார்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு இருந்தன. மறுபடி எண்ணினேன். அடியில் இருந்த கார்டு புத்தம் புதிது, அந்த வியாழக்கிழமைதான் வந்திருக்கிறது. ஏழுமலை என்று துளையிட்டிருந்தது. நான் அடித்த பட்டியலின் நகலைப் பார்த்தேன். அந்த வாரம் ஆசிட் ஷெட் அவருடைய குழுவுக்கு. நான் அவர் பெயரை அதற்கு நேரே எழுதியிருந்தேன்.

மணி ஒன்றேகால் இருக்கும். டெலிபோனைச் சுழற்றினேன். எண்ணூர்ப் பக்கம் லைன் கிடைக்கவில்லை. இரண்டு மணி நெருங்கும்வரை சுழற்றியும் அதே ஊமைச் சத்தம். சவரிமுத்து தன் வாரத் தாளை வாங்க அப்போதுதான் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அலைதான் ஆலையை அழித்துவிட்டது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அலுவலக ஜீப் கீழே இருக்கிறது, ஏறு என்றார்.

அந்தப் பயணம் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. ஸ்வெட்டரைக் கழற்றக்கூட மறந்துவிட்டேன். வலது பக்கம் கடல் அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது. வெயிலும் புகையும் சேர்ந்து எதிரே சாலையையே காணவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எண்ணெய் டாங்கர்கள் கட்டிய சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாமல் எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை தவறிவிட்டது. வண்டி ஓடிக்கொண்டேயிருக்க நாங்கள் நகராமலே இருக்கும் கனவு இன்றைக்கும் வந்தால் எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது மூன்றாகிவிட்டது. தனபாலைக் கூப்பிடச் சொல்லி, ஏழுமலை எங்கே என்று கேட்டேன். ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் ஒரு மனிதரைத் தோளில் சாய்த்து அழைத்துவந்து தண்ணீர்க் குழாய் அருகே உட்காரவைத்தார். நாற்பது வயது இருக்கும். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. இருமல் நிற்கவில்லை, இருமி இருமி உடம்பு மடிந்தது. தனபால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சவரிமுத்து தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

டாக்டர் வந்து ஊசி போட்டார். நேரத்தோடு வெளியே கொண்டுவந்துவிட்டீர்கள், ஷிஃப்ட் முழுக்க இருந்திருந்தால் ஆள் தாங்கியிருக்க மாட்டார் என்றார். நேரத்தோடு என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை இருவரும் கார்டு மிஷின் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். முன்பு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சண்டை, இப்போது விட்டுக்கொடுப்பதில் சண்டை. நான் மாற்றிக்கொள்கிறேன் என்று தனபால் சொன்னார். சவரிமுத்து குறுக்கிட்டார்.

“எனக்கு வாணாம் அந்தப் பேரு. கடல்னு வெச்சிக்கிறேன். கரையில கீறவங்க ரெண்டு நாள் ஏசுவாங்க, அப்பறம் பழகிடுவாங்க.”

எங்கள் பொறுப்பாளர், ஏன் இவ்வளவு பாடு, ஆலைக்கு இன்னொரு A சேர்த்துவிட்டால் போகிறது, ஒன்று ALAI, ஒன்று AALAI என்றார். அந்த வெள்ளிக்கிழமைவரை நான் அதற்குக் கை தட்டியிருப்பேன். அன்றைக்கு முடியாது என்றேன். வேலையில் சேர்ந்து அதுவரை அவரிடம் நான் முடியாது என்று சொன்னதில்லை. ஒரே பெயர் இரண்டு இருந்தால் என்றைக்காவது இடித்துக்கொள்ளும், அப்போதாவது தெரிந்துவிடும். ஒரே எழுத்தில் வேறுபட்டால் அவசரத்தில் எழுதுகிறவர் கை ஒன்றை விட்டுவிடும், அவருக்குத் தவறு செய்தோம் என்றே தெரியாது. நான் தமிழில் ஒரு சுழியை நம்பினேன், நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு A-யை நம்பச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் முகம் சிறுத்தாலும் ஒப்புக்கொண்டார். ALAI என்ற பெயரையே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமை நடந்ததையும் சனிக்கிழமை நான் செய்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வந்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஆலைக்கு என்ன பெயர்? தனபால் யோசித்துப் பார்த்து ஒன்றும் தோன்றாமல், அந்த ஆட்களையே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். மறுநாள் ஒரு மாதிரியான முகத்தோடு வந்தார். இரண்டு வருடமாக ஆலை, ஆலை என்று தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாதாம். அவர்களுக்கு அது ‘நெஞ்சுச் சீட்டு’. ஷிஃப்ட் மாறும்போது, நெஞ்சுச் சீட்டு வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்களாம். மணலியிலிருந்து கார்டுகள் திரும்பி வந்ததும் தனபால் பெயர் இருக்கும் முதல் கார்டை எடுத்துவிட்டு வேறொன்று துளையிட்டு வைத்தார். N, E, N, J, U. ஆறு எழுத்துக்குள் அடங்கியது.

உங்கள் ஆதாரக் கட்டைப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. யார் முதலில் என்று இருபுறமும் தேதி பார்க்கிறீர்கள். இந்தப் பெயரை எழுதிக் கேட்கிறவருக்கு எது போய்ச் சேரும், தவறானது போய்ச் சேர்ந்தால் அவர் என்ன செய்வார் என்று இரு தரப்பிலும் ஒருவராவது கேட்டீர்களா? உங்களுடையது ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது என்றீர்கள். போய்க் கேளுங்கள். அவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

புதுப் பெயரில் அச்சான முதல் பட்டியலை வேனில் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலை ஸ்டோரில் லேசான வேலையில் இருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது ஏன் உள்ளே போனீர்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சீட்டுல ஷெட்டுக்கு நேரா எம்பேரு கீதுன்னாங்கம்மா. நெஞ்சுச் சீட்டு தப்பா சொல்லாதுல்ல. அப்போ எனக்கு நெஞ்சு சரியாப் பூட்ச்சின்னு நெனச்சேன். வூட்டுக்குப் போயி பொஞ்சாதிகிட்ட சொல்லணும்னு சந்தோசமாத்தான் உள்ள போனேன்.”

 பட்டியலை விரித்து அவர் முன்னால் வைத்தேன். தனக்குப் படிக்க வராது, நீயே படிம்மா என்றார். அடியில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பன்னிரண்டாவதாக அவர் பெயரைப் படித்தபோது, சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.